மாடி லயத்து ஏணி

1943 ஜூன் 7, திங்கள்

ஜப்பான்காரன் கணக்குப்படி 2603 என்று எழுத வேண்டுமாம். ஆபீஸ் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். இது ஆபீஸ் புத்தகம் இல்லை. என் புத்தகம். ஆகவே 1943.

என் புத்தகம் என்றும் சொல்ல முடியாது. சிடாம் கிரி ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேடு. முன் பக்கங்களில் முப்பத்திரண்டு பிள்ளைகளின் பெயர் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இப்போது நெல் மூட்டை அடுக்கியிருக்கிறார்கள். வாத்தியாரம்மா நவமணி ஆயாவாகிவிட்டாள். பாக்கார் ஆராங்கில் மாடி லயம் கட்டுகிற இடத்தில் ஒரு கொட்டகை, அதில் பதினோரு தொட்டில்கள். அம்மாக்கள் மண் சுமக்கிறார்கள், நான் தொட்டில் ஆட்டுகிறேன்.

மாடி லயம்! ஆகாயக் கப்பல் மைதான வேலைக்குத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்து வருகிறார்களே, அவர்களை அடைக்க நாற்பது அறை. எல்லாம் பலகையும் அத்தாப்பு ஓலையும். தோட்டத்து ஜனங்கள் மாடியில் குடியிருக்கப் போகிறார்கள் என்று என் அண்ணன் ஜெரார்ட் பெருமையாகச் சொல்கிறார். அவர்தான் இங்கே கிராணி, கணக்கெழுதுபவர். மேலே ஏற ஏணி ஒன்றே ஒன்று. ஆணி கிடைக்காததால் தச்சர் பழனியாண்டி மூங்கிலை ரொத்தான் பிரம்பால் கட்டிச் செய்தது. பதினாலு படி.

எங்களுக்குக் கொடுத்த வீடு கால் மைலில் இருக்கிறது. கூரை ஒழுகுகிறது, சரியாக என் கட்டிலின் மேல். அண்ணனிடம் இன்றும் சொன்னேன்.

ஜூன் 11, வெள்ளி

மழை. கட்டிலை இரண்டு முறை நகர்த்தினேன். நான் நகர்ந்த இடத்துக்கே ஓட்டையும் நகர்கிறது. நாற்பது அறைக்குக் கூரை போடும் கிராணிக்குத் தங்கையின் தலைக்கு மேல் நாலு ஓலை போட நேரமில்லை. "ஊருக்கு உழைத்து வீட்டை விட்டவர்" என்று முகத்துக்கு நேராகவே சொன்னேன். சிரித்தார்.

ஜூன் 14, திங்கள்

டாமார் மரப் பிசினையும் ரப்பரைக் காய்ச்சிய கித்தா எண்ணெயையும் டிரம்மில் கொதிக்க வைத்துப் பலகை இடுக்குகளில் பூசுகிறார்கள். தார் கிடைக்காத காலத்துக்கு இது தார். டிரம் வெளியேதான் இருந்தது. மழை அடுப்பை அணைத்துக்கொண்டே இருந்ததால் அண்ணன் அதைக் கட்டடத்துக்குள்ளேயே கொண்டுபோய் வைக்கச் சொல்லிவிட்டார். கீழ்த்தட்டில், நட்ட நடுவில்.

டிரம்மைப் பார்த்துக்கொள்ளும் அம்மாசி தலையைச் சொறிந்தான். "அண்ணே, இது எண்ண சாமான். உள்ள வச்சா நல்லாவா இருக்கும்?"

"ஒண்ணாந்தேதி ஜப்பான்காரன் பாக்க வரான். நீ பதில் சொல்றியா அவனுக்கு? வைலா."

அம்மாசி வைத்துவிட்டான். நான் கொட்டகை வாசலில் நின்று பார்த்தேன். எனக்கென்ன என்று உள்ளே போய்விட்டேன். அதை எழுதாமல் விடக்கூடாது.

ஜூன் 17, வியாழன்

நாளை முகட்டு வளை ஏற்றுகிறார்கள். பூசை உண்டாம். பழனியாண்டியின் பெண்சாதி மருதம்மாள் கற்பூரத்துக்கு ஊரெல்லாம் அலைகிறாள். சுங்கைப் பட்டாணி பாசாரில் கற்பூரம் என்று கேட்டதற்குக் கடைக்காரர் சிரித்தாராம். "உப்பே இல்ல, கற்பூரமா!"

அவளுடைய ஒன்பது மாதக் குழந்தை பாப்பம்மா என் கொட்டகையில்தான் இருக்கிறாள். இன்று என் விரலைக் கடித்தாள். கீழே பல் வரப்போகிறது.

ஜூன் 19, சனி

எழுத வரவில்லை.

ஜூன் 20, ஞாயிறு

எழுதிவிடுகிறேன். இல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்.

வெள்ளிக்கிழமை காலை வளை ஏறியது. கற்பூரம் கிடைக்காததால் மருதம்மாள் ஒட்டுப்பால் கொண்டுவந்தாள் - ரப்பர் மரத்தில் வெட்டின இடத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் பால். தோட்டத்துப் பெண்கள் அடுப்புப் பற்றவைக்க வைத்திருப்பார்களே, அதுதான். சிரட்டையில் வைத்து வாசல் நிலையருகே கொளுத்தினாள். கருப்புப் புகை குபுகுபு என்று வந்தது. எல்லோரும் இருமினார்கள், சிரித்தார்கள். "சாமிக்கும் இருமல் வந்திருச்சு" என்று மேலிருந்து பழனியாண்டி கத்தினார். நான் வேதக்காரி, மாதா கோயில்காரி, தள்ளித்தான் நின்றேன், ஆனால் நானும் சிரித்தேன். பிறகு மருதம்மாள் தன் மஞ்சள் துணி ஒன்றைக் கிழித்து, ஏணியில் ஏறி, மேல்படியில் முடிச்சுப் போட்டாள். சிரட்டை நெருப்பைத் தண்ணீர் ஊற்றி அணைத்தாள். என் கண்ணால் பார்த்தேன். அணைத்தாள்.

மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்தது. எல்லோரும் பின்பக்கத்துச் சமையல் கொட்டகைக்குப் போனார்கள். பழனியாண்டி போகவில்லை. வளை ஏற்றிய நாளில் முகட்டுக்கு முதல் வரிசை ஓலை போடாமல் அந்தத் தச்சர் வாயில் சோறு வைக்க மாட்டார். அவரோடு கையாள் மணியம் இருந்தான். இன்னொருவன் ஜாவாக்காரன். அவன் பெயர் யாருக்கும் தெரியவில்லை. மூன்று மாதம் எங்கள் கண்முன் வேலை செய்தவனின் பெயர் ஒருவருக்கும் தெரியவில்லை!

நான் பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். புகை வாடை வந்தது. எட்டிப் பார்த்தபோது கீழ்த்தட்டு முழுதும் நெருப்பு. பூசின எண்ணெய் எல்லாம் சடசடவென்று பற்றிக்கொண்டு ஏறியது. தண்ணீர் ஊற்ற ஊற்ற அதிகமாகியது. மேலே மூன்று பேரும் முகட்டில் இங்கும் அங்கும் ஓடினார்கள். பதினோரு பிள்ளைகளையும் வெளியே இழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்கும்போது பழனியாண்டி குதித்தார். மற்ற இருவரும் குதிக்கவில்லை.

வானம் கருத்துக் கிடந்தது. ஒரு சொட்டு பெய்யவில்லை. அதற்கு முன்னே நாலு நாள் என் கட்டிலில் பெய்த மழை!

பழனியாண்டி நேற்று விடியற்காலம் ஆஸ்பத்திரியில் போய்விட்டார்.

ஜூன் 22, செவ்வாய்

அண்ணன் ஜப்பான்காரனிடம் வாக்குமூலம் கொடுத்துவிட்டார். பூசை நெருப்பு வாசல் நிலையில் பிடித்தது, பக்கத்தில் சாத்தியிருந்த ஏணி முதலில் எரிந்தது, அதனால்தான் மேலே இருந்தவர்கள் இறங்க முடியவில்லை. டிரம்மைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"சிரட்டைய அவ அணைச்சாண்ணே. நான் பாத்தேன்" என்றேன்.

"கங்கு இருந்திருக்கும். உனக்குத் தெரியாது."

அம்மாசியிடம் கேட்டேன். அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "எனக்கு மூணு புள்ளைங்க, வாத்தியாரம்மா" என்றான். கேட்டதற்கு அதுவா பதில்? அதுதான் பதில்.

ஜூன் 23, புதன்

எனக்கு எரிச்சல் யார்மேல் தெரியுமா? மருதம்மாள்மேல். அவளும் அதையே சொல்கிறாள்!

"கற்பூரம் ஏத்துற எடத்துல ஒட்டுப்பால ஏத்துனேன். ஆத்தா பொறுப்பாளா? இந்தக் கையாலதான் அவர கொன்னேன்." குழந்தைக்குப் பால் கொடுக்கும்போதுகூட வலது கையைப் பின்னால் மறைத்துக்கொள்கிறாள். அந்தக் கையால் பிள்ளையைத் தொடுவதில்லை.

கன்னத்தில் ஒன்று விடலாம் போல இருந்தது. "அணைச்சியா இல்லையா?" என்று கத்தினேன். "அணைச்சேன்னுதான் நெனச்சேன்" என்கிறாள். ஐந்து நாளில் அவள் கண்ணால் கண்டதையே அவளிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள்.

ஆஸ்பத்திரியில் பழனியாண்டி கடைசிவரை ஒன்றே ஒன்றைத்தான் கேட்டாராம். ஏணி எங்கே, ஏணி எங்கே என்று. "அவரு செஞ்ச ஏணி இல்லையா, அதான் ஞாபகம்" என்று அழுதாள். எரிந்துபோய்விட்டது மருதம்மா என்று நான் ஆறுதல் சொன்னேன்.

ஜூன் 26, சனி

சயாம் ரயில் வேலைக்கு இங்கிருந்து பன்னிரண்டு பேர். ஜூலை ஐந்தாம் தேதி காலைப் பெரட்டில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தி ஆள் எண்ணி லாரி ஏற்றுவார்கள். பதினோரு ஆண்கள். பன்னிரண்டாவது மருதம்மாள், தண்டனை.

போனவர் ஒருவரும் இதுவரை திரும்பவில்லை.

கைக்குழந்தைக்காரி என்று அண்ணன் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. "நம்ம கையில என்னா இருக்கு" என்றார். உன் கையில் பேனா இருந்தது அண்ணே.

ஜூன் 29, செவ்வாய்

மழை. இரவெல்லாம் கொட்டியிருக்கிறது. பதினைந்து நாளுக்குப் பிறகு.

நான் நன்றாகத் தூங்கி எழுந்தேன்.

கட்டிலில் ஒரு சொட்டு விழவில்லை.

முதலில் சந்தோஷமாக இருந்தது. அண்ணன் சொல்லாமலே செய்துவிட்டார், பாவம், நான்தான் கரித்துக் கொட்டினேன் என்று நினைத்தேன். கூரையை அண்ணாந்து பார்த்தேன். புது ஓலை, நாலு வரிசை, வெளியிலிருந்து செருகியது. இந்தக் கூரைக்கு நாற்காலி போட்டால் எட்டாது. மரமும் பக்கத்தில் இல்லை.

எதில் ஏறினார்?

எப்போது?

குளிக்கிற மறைப்புக்குப் பின்னால் லாலான் புல் இடுப்புயரம் நிற்கிறது. போய் மிதித்துத் தேடினேன். மிதித்த காலில் மூங்கில் தட்டியது. பதினாலு படி. ஒரு கருகல்கூட இல்லை. மேல்படியில் மஞ்சள் துணி அப்படியே இருக்கிறது.

ஜூன் 30, புதன்

கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். பொய் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் தேவலை.

"சாப்பாட்டு நேரம், மேல யாரும் இருக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். அரை மணி நேரத்துல திருப்பிக் கொண்டுபோய் வச்சிரலாம்னு... நீதானே தெனமும் கூரை கூரைன்னு அரிச்சே."

"கூப்பிட்டுப் பாத்தீங்களா? மேல யாராச்சும் இருக்காங்களான்னு ஒரு சத்தம்?"

"இல்ல."

"நெருப்பு எப்பத் தெரிஞ்சிச்சு?"

"கூரைலேர்ந்து எறங்கறப்பவே பொகை தெரிஞ்சிச்சு. ஏணியத் தூக்கினேன். தோள்ல வச்சிட்டேன்கூட." தட்டை ஓரமாகத் தள்ளினார். "அத தூக்கிட்டு ஓடினா எல்லாரும் பாப்பாங்கல்ல. எங்கேருந்து வருதுன்னு கேப்பாங்கல்ல."

தோளில் ஏணி. கால் மைல். மூங்கில் ஏணி, ஒரு ஆள் தூக்கும் கனம்தான். மேலே மூன்று பேர். இவர் நின்று யோசித்திருக்கிறார்! யோசித்து, புல்லுக்குள் போட்டுவிட்டு, வெறுங்கையோடு ஓடிவந்து, எல்லோரோடும் சேர்ந்து "தண்ணி, தண்ணி" என்று கத்தியிருக்கிறார்.

டிரம் பொங்கித்தான் பற்றியது என்பதும் அவருக்குத் தெரியும். அம்மாசி அன்றைக்கே சொல்லிவிட்டானாம்.

"ஏன் அந்த ஏணிய ஒடைச்சு எரிக்கல?"

"நல்ல ஏணி நவமணி" என்றார்.

நான் தட்டைத் தூக்கி எறிந்தேன்.

ஜூலை 1, வியாழன்

அண்ணன் பேச வந்தால் எழுந்து போகிறேன்.

அப்பா அம்மா ஒரே வாரத்தில் காய்ச்சலில் போனபோது எனக்கு ஆறு வயது. தூக்கி வளர்த்தவர் இவர். எனக்குப் புத்தகம் வாங்கித் தருவதற்காகப் பதினாறு வயதில் பால்மரம் வெட்டப் போனவர். எல்லாம் ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் இன்னும் கோபம். யாரோ ஒரு அயோக்கியன் செய்திருந்தால் காறித் துப்பிவிட்டுத் தூங்கியிருப்பேன்.

என் மேலும்தான். நான் அரித்தேன். டிரம் உள்ளே போனபோது நான் பார்த்துக்கொண்டு நின்றேன். என் முதுகு நனையாமல் இருக்க மூன்று பேர் எரிந்தார்கள் - இதை எந்தச் சாமியாரிடம் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்வது? சாமியாரையும் பிடித்து அடைத்துவிட்டார்கள்.

ஜூலை 3, சனி

மருதம்மாள் பாப்பம்மாவின் துணிகளை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தாள். இரண்டு சாக்குச் சட்டை, ஒரு கிலுகிலுப்பை. கிலுகிலுப்பை பழனியாண்டி செதுக்கியது.

"நீங்களே வச்சுக்குங்க வாத்தியாரம்மா. எழுதப் படிக்கச் சொல்லிக் குடுங்க. அவங்கப்பன் எப்படிச் செத்தான்னு கேட்டா... நான்தான்னு சொல்லிருங்க. மறைக்க வேணாம்."

அவளுக்கு அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஏணி நாற்பது அடி தூரத்தில் கிடந்தது. என் வாய் திறந்தது. "சாப்பிட்டியா" என்று கேட்டேன்.

நானும் அவர் தங்கைதானே!

ஜூலை 4, ஞாயிறு

அண்ணனிடம் கடைசியாகச் சொன்னேன். நாளைக் காலை பெரட்டுக்கு முன்னால் நீங்களே போய்ச் சொல்லுங்கள்.

"சொன்னா என் தலைய வெட்டிருவான்."

"அவ தல?"

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

பாப்பம்மா இங்கே என் கட்டிலில் தூங்குகிறாள். நனையாத கட்டில்.

ஜூலை 5, திங்கள்

காலை பெரட்டுக்கு ஏணியைத் தோளில் தூக்கிக்கொண்டு போனேன். கால் மைல். நான் ஒரு பொம்பளை, காலையில் சாப்பிடவும் இல்லை. தூக்க முடிந்தது. அதை இங்கே எழுதி வைக்கிறேன்: தூக்க முடிந்தது.

இருநூறு பேர் வரிசையில் நின்றார்கள். லாரி ஓரமாக நின்றது. ஜப்பான்காரன் மேடையில், அண்ணன் கீழே பெயர் வாசித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நடுப்பெயரில் நின்றுவிட்டார். நான் நேராகப் போய் மருதம்மாள் முன்னால் ஏணியைப் போட்டேன்.

அவள் ஏணியைப் பார்த்தாள். குனிந்தாள். மேல்படியில் தன் மஞ்சள் துணி முடிச்சைத் தொட்டாள். வலது கையால்.

"இது எரியலயா?"

"எரியல. பூசை முடிஞ்சப்பறம் எடுத்துட்டுப் போயிட்டாங்க. எங்க வீட்டுக் கூரைக்கு. நெருப்பும் உன்னோடது இல்ல. எண்ண டிரம்மு."

பச்சைப்பிள்ளை கேட்கிற மாதிரி கேட்டாள்: "அப்ப நான் இல்லையா?"

"நீ இல்ல."

அதற்குப் பிறகு அவள் போட்ட சத்தம்... அதை எழுத என்னால் ஆகாது. ஏணியைக் கட்டிக்கொண்டு தரையில் விழுந்தாள். வரிசையிலிருந்து அம்மாசி வெளியே வந்து, "டிரம்ம உள்ள வச்சது நெசம்தான்" என்றான். மூன்று பிள்ளைக்காரன். ஆனால் வந்தான்.

ஜப்பான்காரன் இறங்கி வந்தான். மொழிபெயர்ப்பவன் எதையோ சொன்னான். அவன் ஏணியைக் காலால் ஒரு தட்டுத் தட்டினான், என் கன்னத்தில் ஒரு அறை விட்டான், பேசினான். மொழிபெயர்ப்பவன் சொன்னான்: "யார் கொளுத்தினது, யார் எடுத்ததுன்னு தொரைக்கு வேணாமாம். பன்னண்டு பேர் ஏறணும். அவ்வளவுதான். இந்தப் பொம்பளை ஏறலன்னா, ஏணிக்காரி நீ ஏறு."

மூன்று உயிர். அவனுக்குப் பன்னிரண்டு என்கிற எண் மட்டும்தான் வேண்டும்! இதற்காகவா பூசைப் பழி, வாக்குமூலம், தண்டனை எல்லாம்? பொய் சொல்லக்கூட அவசியம் இருந்திருக்கவில்லை. பயந்தவர்கள் பயந்து பயந்து தாங்களாகவே கட்டின பொய்.

நான் லாரிப் பக்கம் நடந்தேன்.

"அவ இல்ல" என்று பின்னால் சத்தம் கேட்டது. "நான்தான். நான்தான் எடுத்தேன்."

அண்ணன் பெயர்ப் புத்தகத்தை மேடையில் வைத்தார். தொப்பியைக் கழற்றி அதன்மேல் வைத்தார். என்னைத் தாண்டிப் போய் லாரியில் ஏறிக்கொண்டார். கை கொடுத்து ஏற்றக்கூட யாரும் போகவில்லை.

லாரி கிளம்பும்போது, "ஒடம்ப பாத்துக்க நவமணி" என்றார்.

நான் பதில் சொல்லவில்லை. அந்த "நான்தான்" பதினேழு நாளைக்கு முன்னால் எங்கே போயிருந்தது?

ஜூலை 6, செவ்வாய்

பதில் சொல்லியிருக்கலாம்.

ஜூலை 21, புதன்

லாரி அலோர் ஸ்டார் போய், அங்கிருந்து ரயிலில் ஏற்றினார்களாம். அதற்கு மேல் ஒன்றும் தெரியவில்லை. கேட்டுப் போனால் அறைதான் கிடைக்கிறது.

ஆகஸ்ட் 3, செவ்வாய்

மாடி லயத்தை மறுபடி கட்டுகிறார்கள், அதே இடத்தில். ஆண்கள் குறைந்துவிட்டதால் பெண்கள் மேலே ஏறி ஓலை கட்டுகிறார்கள். மருதம்மாளும் ஏறுகிறாள். ஏணி அதே ஏணிதான், வேறு இல்லை. வேலை முடிந்ததும் யாரையும் தொட விடாமல் அவளே தோளில் வைத்துத் தன் வீட்டுக்குக் கொண்டுபோகிறாள், காலையில் கொண்டுவருகிறாள். புதுக் கிராணி ஏதோ சொல்லப் போய் வாயை மூடிக்கொண்டார். ஏணியில் கைவைப்பதற்கு முன் மூன்று முறை மேலே பார்த்துக் கத்துகிறாள்: "யாராச்சும் இருக்கீங்களா?"

டிரம் வெளியே இருக்கிறது. மழை வந்தால் அம்மாசி அதற்குத் தகரம் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

பாப்பம்மாவுக்கு இரண்டு பல். மருதம்மாள் இப்போது இரண்டு கையாலும் தூக்குகிறாள். என்னோடு அதிகம் பேசுவதில்லை. பேச வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவும் கூடாது.

இன்று சாயங்காலத்திலிருந்து விடாத மழை. அண்ணனுக்கு அங்கே தலைக்கு மேல் என்ன இருக்கிறதோ. நான் கட்டிலில் படுத்துக் கூரையையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். ஒரு சொட்டு விழவில்லை. அந்த ஒரு வேலையை ஒழுங்காகத்தான் செய்துவிட்டுப் போயிருக்கிறார், பாவி.